காய்ச்சல் விட்ட பிறகு வந்த தடிப்பு

இரண்டு வயதுக் குழந்தையின் உடம்பில் சிவப்புச் சிவப்பாக ஏதோ கிளம்பியிருக்கிறது என்றால், இன்று நம் வீடுகளில் முதலில் நடப்பது படம் எடுப்பதுதான். அழுகிற பிள்ளையை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சட்டையைத் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. சற்று நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கிவிடும்: வேர்க்குரு, கொசுக்கடி, காணாக்கடி, கரப்பான், மணல்வாரி அம்மை, முட்டை சேரவில்லை, சூட்டு உடம்பு. எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அவற்றில் ஒன்று சரியாகவும் இருக்கலாம். ஆனால் அத்தனை பதில்களும் தோலைப் பற்றியவை. இப்போதே கிளம்ப வேண்டுமா, விடியும்வரை பொறுக்கலாமா, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்பதுதான் பெற்றவர்களின் கேள்வி. அதற்கான விடை அந்தப் படத்தில் இருப்பது மிக அரிது. சென்ற ஐப்பசியில் என் மகளுக்குத் தடிப்பு வந்தபோது எனக்குள் எழுந்த இந்த எண்ணம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு மூன்று நாட்கள் கடுமையான காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் இறங்கும், சில மணி நேரத்தில் மறுபடியும் ஏறும். நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. வீடே மூச்சு விட்டது. அன்று மதியம் உடைமாற்றும்போது நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. மாலைக்குள் அவை கழுத்துக்கும் கன்னத்துக்கும் ஏறிவிட்டன. அனுப்பிய படத்துக்கு வந்த பதில்களில் இரண்டு என் நெஞ்சில் தைத்தன. "காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம் வந்தா ஒண்ணும் இல்ல, வந்த வழியே போயிடும்" என்றார் என் சித்தி. "டெங்குவுல காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம்தான் ஆபத்தே" என்றார் கணவரின் அண்ணன். இருவர் சொன்னதும் உண்மை.

இதுதான் என்னை உலுக்கியது. ரோசியோலா என்று மருத்துவர்கள் சொல்லும் வைரஸ் காய்ச்சல், ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரையிலான குழந்தைகளுக்கு மிகச் சாதாரணமாக வருவது. மூன்று முதல் ஐந்து நாட்கள் காய்ச்சல் கொளுத்தும். அது விட்டவுடன் உடம்பில் புள்ளிகள் தோன்றும். ஓரிரு நாளில் தானாக மறையும். அங்கே தடிப்பு வந்தால் நோய் முடிந்தது என்று பொருள். டெங்குவிலோ, காய்ச்சல் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் விடுகிறது. அதை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டிப்பட்டு, சில குழந்தைகள் ரத்த ஓட்டம் சரிந்து 'ஷாக்' என்னும் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுகிறார்கள். அதே நாட்களில் அங்கேயும் உடம்பு சிவந்து தடிக்கலாம். அதே வயது, அதே நாள், ஏறக்குறைய அதே படம். ஒன்றில் இனிக் கவலை இல்லை, மற்றதில் இனிமேல்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தெருவில் இரண்டு வீட்டில் டெங்கு என்று கேள்விப்பட்ட நிலையில், இந்த இரண்டில் எது என்று தோலைப் பார்த்து நான் எப்படி முடிவு செய்வது?

அத்தை கேட்ட கேள்விகள்

என் மாமியாருக்கு ஐயமே இல்லை. "ஆத்தா வந்திருக்கா" என்று சொல்லி, எதிர்வீட்டு மரத்திலிருந்து வேப்பிலைக் கொத்து ஒடித்துவந்து நிலைவாசலில் செருகினார். அடுப்படியில் தாளிப்பு நின்றது. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது, ஊசி மருந்து கூடவே கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு சமயபுரத்துக்குப் போய் மாவிளக்குப் போடலாம் என்று வேண்டிக்கொண்டார். திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. பெரியம்மைக்கு எந்த மருந்தும் இல்லாத காலத்தில், நோயாளியைத் தனியே வைத்து, வருவோர் போவோரைத் தடுத்து, நீராகாரம் கொடுத்து, குளிர்ச்சியான இடத்தில் படுக்கவைத்துக் காத்தவர்கள் வகுத்த முறை இது. அந்தப் பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1975இல். அதை விரட்டுவதற்கான அம்மைப்பால் கிண்டியில் 1899இல் தொடங்கிய கிங் நிலையத்தில் தயாரானது. நோய் போய்விட்டது, முறை தங்கிவிட்டது. அதில் இன்று தீங்கு செய்வது ஒன்றே ஒன்று: மருத்துவரிடம் காட்டக்கூடாது என்ற விலக்கு. தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு நாட்கள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு அது நாளொன்றுக்கு 2,00,000 அலகு; கண்ணையும் உயிரையும் காப்பது. தண்ணீர் ஊற்றும்வரை காத்திருக்கும் வீட்டில் அது குழந்தைக்குக் கிடைக்காமலே போய்விடுகிறது.

ஆனால் அன்று மாலை அந்த வீட்டில் சரியான கேள்விகளைக் கேட்டவரும் அத்தைதான். "பாப்பா கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?" என்று கேட்டார். "இளநி குடிச்சாளா, இல்ல துப்புறாளா?" என்றார். பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "கால் சூடாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாக்கை நீட்டச் சொன்னார். படத்தைப் பார்த்துப் பதில் சொன்ன யாரும் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அம்மை என்று பெயர் வைத்ததில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும், பிள்ளை பெற்று வளர்த்த கை எதைத் தேடும் என்பதை அன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். "அத்தை, ஊசி போடப் போகல. என்னன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு வேப்பிலை ஈர்க்கைக் குழந்தையின் பையில் வைத்துக்கொண்டு அவரும் ஆட்டோவில் ஏறினார்.

டாக்டர் பார்த்த வரிசை

குழந்தை மருத்துவரின் அறைக்குள் போனவுடன் நான் கைப்பேசியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மேசையில் இருந்த டார்ச்சை என் மகளிடம் கொடுத்துவிட்டு, அவள் அதை வாங்குகிறாளா, பொத்தானைத் தேடுகிறாளா, யார் முகத்தில் அடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார். கேட்டவை பெரும்பாலும் அத்தை கேட்டவையே: கடைசியாகச் சிறுநீர் எப்போது, குடிக்கிறாளா, வாந்தி உண்டா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாளா, எழுப்பினால் எழுகிறாளா. அடுத்து நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்துச் சில நொடிகள் அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் இரண்டு மூன்று நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பினால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். கண், உதடு, நாக்கு, கழுத்து நெறி. பிறகு இடது சட்டைக் கையை மேலே தள்ளி, பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பைப் பார்த்தார். அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், டயப்பரின் ஓரம். உள்ளங்கை, உள்ளங்கால். இத்தனைக்கும் பிறகுதான் நெஞ்சில் இருந்த புள்ளிகளுக்கு வந்தார்.

அந்த வரிசைதான் எனக்குப் பாடம். எந்த உறுப்பை எதற்காகப் பார்த்தார் என்று நான் கேட்க, கூட்டம் காத்திருந்தபோதும் அவர் பொறுமையாகச் சொன்னார்.

பி.சி.ஜி. தழும்பைப் பார்த்தது கவாசாகி நோய்க்காக. 1967இல் ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி விவரித்த இந்த நோயில், ஐந்து நாட்களோ அதற்கு மேலோ விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்த உதடு, ஸ்ட்ராபெர்ரி போன்ற நாக்கு, வீங்கிய கை கால், உடம்பெங்கும் தடிப்பு எல்லாம் சேர்ந்தோ முன்பின்னாகவோ வரும். ஆறிப்போன பி.சி.ஜி. தழும்பு திடீரெனச் சிவந்து தடிப்பது இதற்கான ஒரு தடயம். கவனிக்காமல் விட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத்தின் ரத்தக் குழாய் வீங்கிவிடும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினால் அந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. ஆகவே காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டுவிட்டால், தடிப்பு மங்கியிருந்தாலும் சரி, குழந்தையைக் காட்டியாக வேண்டும்.

அக்குளையும் தொடையிடுக்கையும் துழாவியது ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்காக. புல் புதரில் இருக்கும் ஒருவகை உண்ணிப் பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. தமிழ்நாட்டில், குறிப்பாக மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில், அரிதானதன்று. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலியோ அரிப்போ இருக்காது என்பதால் குழந்தை அழாது. துணி மறைக்கும் மடிப்புகளில் இருப்பதால் நம் கண்ணிலும் படாது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் விலை மலிவான டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ போதும். கண்டுபிடிக்காமல் நாட்கள் போனால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று இறங்கிவிடும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் உடம்பைத் துடைத்துவிடும்போது இந்த மடிப்புகளை ஒரு முறை பார்ப்பதற்கு யாருக்கும் மருத்துவப் படிப்பு வேண்டாம்.

கடைசியில் அவர் சொன்னதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்: "இது ரோசியோலாவாத்தான் இருக்கும்னு தோணுது. ஆனா இந்த மாசத்துல தோணுறத மட்டும் நம்பி அனுப்ப மாட்டேன்." ரத்தம் எடுக்கச் சொன்னார். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கேட்காமல், ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று காட்டும் பி.சி.வி. அளவையும் கேட்டார், ஒரு முறை பார்த்து நிறுத்தாமல் மறுநாளும் பார்க்கச் சொன்னார். நாம் பிளேட்லெட் ஒன்றையே பிடித்துக்கொண்டு பப்பாளி இலைக்கு அலைகிறோம். நீர் கசிவதைச் சொல்வது மற்ற எண்தான். இரண்டு நாளும் இரண்டும் சீராக இருந்தன. புள்ளிகள் மறைந்தன. அத்தை தம் கணக்குப்படி வேப்பிலை போட்ட வெந்நீரை ஊற்றினார். டாக்டருக்கும் அதில் மறுப்பு இல்லை.

கண்ணாடி டம்ளர்

நெஞ்சுப் புள்ளிகளுக்கு வந்தபோது மருத்துவர் ஒரு சிறு கண்ணாடித் துண்டை அவற்றின் மேல் வைத்து அழுத்தினார். புள்ளி அழுத்தத்தில் மறைந்தால், அது ரத்தக் குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு. மறையாமல் அப்படியே நின்றால், ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்கடியில் கசிந்திருக்கிறது. காய்ச்சலோடு அப்படி மறையாத புள்ளிகள் இருந்தால் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் பரவியிருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். எதுவானாலும் விடியும்வரை காத்திருக்கும் விஷயம் அன்று. பலமாக இருமியோ வாந்தி எடுத்தோ முகத்தில் மட்டும் நாலைந்து புள்ளி வருவதும் உண்டு, ஆனால் அதைத் தீர்மானிக்கும் வேலை நமக்கு வேண்டாம். முதலில் மறைகிற புள்ளி சில மணி நேரம் கழித்து மறையாததாக மாறலாம் என்பதால், ஒரு முறை அழுத்திப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது.

எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர். தேடியதில் அலமாரியின் பின்னால் ஒரே ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. அதை இப்போது மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல் இருந்தாலும் போதும். எங்கே அழுத்துவது என்பதில்தான் நம் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் தேவை. இணையத்தில் தேடினால் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு அப்படித் தெரியாது. அடர்ந்த பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியலாம், சில வேளை விரலால் தடவினால்தான் தட்டுப்படும். உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், உதட்டின் உள்பக்கம், மேல் அண்ணம் ஆகிய வெளிர்ந்த இடங்களில் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். "சிவப்பா ஒண்ணும் தெரியலையே" என்று நம் வீட்டில் சொல்லப்படும் சொல்லை நான் இப்போது பாதிதான் நம்புகிறேன்.

காத்திருக்கக் கூடாதவை

புள்ளி மறையாதது தவிர, இரவு எந்நேரமானாலும் கிளம்ப வேண்டியவை உண்டு. புதிதாக ஒன்றைச் சாப்பிட்டோ, மருந்து குடித்தோ, குளவி கொட்டியோ உடனடியாகத் தடித்து, அதோடு உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், குரல் கம்மினால், தொடையில் அட்ரினலின் ஊசி போட்டாக வேண்டிய நிலை; 108ஐ அழைப்பதில் ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கூடாது. புதிய மருந்து தொடங்கிய சில நாட்களில் அல்லது வாரங்களில் தோல் எரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகி, தோல் உரியத் தொடங்கினால் அந்த மருந்தின் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். குழந்தை துவண்டு கிடந்தால், எழுப்பினால் கண் திறந்து மறுபடியும் சரிந்தால், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், கை கால் சில்லிட்டால், வயிற்றுவலியால் துடித்தால், ஈறிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தால், தடிப்பு எப்படி இருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. டெங்கு காலத்துக் காய்ச்சலில் ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் கலந்த சிரப்புகளை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவும் கூடாது. இரைப்பையில் ரத்தக் கசிவை அவை கூட்டலாம்.

கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமி, காதின் பின்புறத்திலிருந்து தொடங்கி முகம் வழியாகக் கீழிறங்கும் தடிப்பு தட்டம்மையாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும், ஆனால் முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். காத்திருப்போர் அறையில் மடியில் கிடக்கும் கைக்குழந்தைக்கு இன்னும் ஒன்பது மாதத் தடுப்பூசி போட்டிருக்க மாட்டார்கள். தட்டம்மை காற்றிலேயே தொற்றும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது பரவிய வதந்திகளால் அதைத் தவிர்த்த வீடுகள் உண்டு. அந்த வதந்தியை அனுப்பியவர்களும் அக்கறையால்தான் அனுப்பினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மருந்துக்கடையில் படத்தைக் காட்டி வாங்கும் க்ரீமைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று என மூன்றும் கலந்த குழாய் அது. இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், எல்லோரும் மகிழ்வார்கள். படர்தாமரையாக இருந்தால் அது அடியில் பரவிக்கொண்டே இருக்கும். குழந்தையின் மெல்லிய தோல் இன்னும் மெலியும். டயப்பருக்கடியில் தடவினால் மருந்து உடம்புக்குள்ளேயே இறங்கும். 2018இல் மத்திய அரசு பதினான்கு வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது, கேட்காமலும் கிடைக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒவ்வொரு கொசுக்கடிக்கும் ஓட வேண்டியதில்லை. ஓடியாடுகிற, சாப்பிடுகிற, காய்ச்சல் இல்லாத குழந்தைக்குக் கத்திரி வெயிலில் கழுத்து மடிப்பில் வேர்க்குரு வந்தால் காற்றோட்டமும் பருத்தித் துணியும் போதும். கை காலில் அரிக்கும் தடிப்புகளுக்குக் கலமைன் தடவி, நகத்தை வெட்டிவிட்டு, ஓரிரு நாள் பார்க்கலாம். சொறிந்த இடத்தில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் மறுநாள் காட்டலாம்.

ரத்த முடிவு சீராக வந்த அன்று மருத்துவரிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வியை இனி எந்த மருத்துவரிடமும் கேட்காமல் எழ மாட்டேன்: "எது நடந்தா, எத்தன மணியானாலும் திரும்பி வரணும்?" அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அழுத்தினால் மறையாத புள்ளி. ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லாமை. நிற்காத வாந்தி. வயிற்றுவலி. எழுப்ப முடியாத தூக்கம். கை கால் குளிர்தல். மறுபடியும் காய்ச்சல். அதன் கீழே, தம்முடைய கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு நேராகப் போகும்படி எழுதி, ரத்த அறிக்கையையும் கையில் கொண்டுபோகச் சொன்னார். அத்தை அந்தச் சீட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார், "வயித்து வலின்னா எப்படிம்மா தெரியும், இவ சொல்லத் தெரியாத புள்ளையாச்சே?" என்று கேட்டார். மருத்துவர் பேனாவைத் திறந்து அந்த வரிக்குப் பக்கத்தில் சேர்த்து எழுதினார்: "காலை மடக்கிக்கொண்டு அழுதால், வயிற்றைத் தொடவிடாமல் கையைத் தட்டிவிட்டால்."